விரும்பிச் சாப்பிடுறவர்

வாசலில் நின்ற பெண் "வாங்கோ" என்று சொல்லவில்லை. கார் முற்றத்து மணலில் வந்து நின்றதையும், நிலாந்தினி இறங்கி மறுபக்கம் ஓடிப்போய்க் கணவனுக்குக் கதவு திறந்துவிட்டதையும், அவர் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி மெல்ல எழும்பியதையும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஒரு பக்கம் சரித்து உள்ளே போகும் வழியைக் காட்டினாள். அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் பத்து வருசம் முகம் கொடுத்துக் கதைக்காத சம்பந்தி வந்து நின்றாலும் வாயில் வருகிற முதல் சொல் "வாங்கோ"தான். ஆட்களை வரவேற்பதையே தொழிலாக வைத்திருக்கும் விடுதியில் அந்தச் சொல் வரவில்லை. கொழும்பில் படித்துவிட்டு வந்த புது மரியாதையாக்கும் என்று நிலாந்தினி நினைத்துக்கொண்டாள். மனதுக்கு ஒரு சாட்டுக் கண்டுபிடித்துக் கொடுப்பது பெரிய வேலையா என்ன.

அந்த இடத்துக்குத் தம்பையா வளவு என்று பெயர். ஊர்காவற்றுறையிலிருந்து நாரந்தனைக்குப் போகும் வழியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. சுற்றிவர எந்தக் கிணற்றில் அள்ளினாலும் உப்புக் கரிக்கும். அந்த வளவுக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். ஒல்லாந்தர் காலத்துக் கப்பல்காரர் குளித்த கல்தொட்டி இன்னமும் கிணற்றடியில் கிடக்கிறது. பிறகு தெற்கே காலி நகரில் புடவைக்கடை வைத்திருந்த தம்பையா என்பவர் தொட்டியைச் சுற்றிப் பெரிய வீடு கட்டினார். அவருடைய பிள்ளைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய், முப்பது வருசம் வௌவால் குடியிருந்து, இப்போது அது ஆயுர்வேத விடுதி. எண்ணெய் முழுக்கு, மூலிகைக் குளிப்பு, பாரம்பரியச் சாப்பாடு; சனி ஞாயிறுக்கு மட்டும். மெல்பேர்னில் படிக்கும் மகள் வினோஜா, தாய் தகப்பனின் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கென்று அங்கிருந்தே பதிவு செய்து அனுப்பியிருந்தாள்.

வசீகரனுக்கு ஐம்பத்துமூன்று வயது. எட்டு மாதத்துக்கு முன்னர் கொழும்பில் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். அதற்கு முந்திய வசீகரனைக் கோண்டாவிலில் தெரியாதவர்கள் குறைவு. சோற்றை மலைபோலக் குவித்துவைத்துச் சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே பகிடி விடுவார். கை கழுவும்போது பழைய பாட்டொன்றை முணுமுணுப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவர் வேறொருவர். உப்பில்லாத கஞ்சியைப் பார்த்து முகத்தைத் திருப்புவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். உப்புப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிற பொம்பிளையாக நிலாந்தினியும் மாறியிருந்தாள். அவர் உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனையும். ஆனால் உயிரோடு இருக்கிற இவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்தப் பழைய மனிதர்மேல் ஏக்கம் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

யாரிடமும் என்பது பொய். போன கிழமை விடுதியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கதைத்தாள்.

"அவர் என்னென்ன விரும்பிச் சாப்பிடுறவர், பிள்ளை?"

சாதாரணக் கேள்வி. நிலாந்தினி குசினி நிலத்தில் அப்படியே இருந்துகொண்டு அரைமணி நேரம் சொன்னாள். கணவாய்ப் பிரட்டல் எண்டால் உயிர். நண்டுக் குழம்பு. பாரைமீன் பொரியல் முறுக வேணும். ஒடியல் கூழ் இரண்டு கோப்பை குடிக்கிறவர். சாப்பிட்டுப்போட்டுப் பாடுறவர், நல்லாச் சிரிக்கிறவர். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. கேட்டுக்கொண்டிருந்த பெண் அவசரப்படுத்தவில்லை. "அழாதேங்கோ பிள்ளை, ஒரு குறையும் இல்லாமல் செய்து தருவம்" என்றாள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மட்டும் கொடுக்கலாம், அதற்கு மேல் விடக்கூடாது என்று நிலாந்தினி தனக்குள் தீர்மானித்திருந்தாள்.

அந்தப் பெண்தான் வாசலில் நின்றவள். பெயர் பரிமளம். அறுபது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை. காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை.

மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்தில் அவர்கள் இருவரும்தான். நீளமான, குளிர்ந்த, ஒரு பழைய ஈரவாடை அடிக்கிற அறை. முகட்டுக்குக் கீழே சுவரிலிருந்து சுவருக்கு வெள்ளைத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. காற்று வரும்போது துணி மெல்லப் புடைத்து, பிறகு தணிந்தது.

"ஓட்டுத் தூசி விழாமல் கட்டினது" என்றாள் பரிமளம், கேட்காமலேயே.

பருப்பு, கீரை, பூசணிக்காய். வசீகரன் விரலால் சோற்றை ஒதுக்கினார்.

"இதைத்தானே நீர் வீட்டிலயும் தாறனீர். உதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"இண்டைக்கு மரக்கறிதான், தம்பி" என்றாள் பரிமளம். அவரைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாளைக்குப் பின்னேரம்தான் படைக்கிறது."

படைக்கிறது. சாப்பாட்டுக் கடைகள் இப்போது அப்படித்தானே பெயர்ப்பலகை எழுதுகின்றன என்று நிலாந்தினி அந்தச் சொல்லையும் விழுங்கிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு எண்ணெய் முழுக்கு. கிணற்றடியில் வெயில் சரிந்து, பனைகளின் நிழல் கல்தொட்டியின்மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. அவித்த அரப்பின் புளித்த மணமும், நல்லெண்ணெயின் கனத்த மணமும், அடியில் எங்கேயோ கடற்பாசி அழுகுகிற மணமும் ஒன்றாக வந்தன. எண்ணெய் தேய்க்கிறவர் இராயப்பு என்ற ஐம்பது வயதுக்காரர். கடலில் கிடந்து கறுத்த உடம்பு, கனமான கைகள். அவர் அறுகம்புல்லும் எண்ணெய்க் கிண்ணமும் எடுத்து நிலாந்தினியிடம் நீட்டினார்.

"நீங்கள்தான் முதல் வைக்க வேணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கலியாணத்திலும் இப்படித்தான், பாலறுகு வைத்த அன்றைக்கு வசீகரன் ஒற்றைக் கண்ணைத் திறந்து தன்னைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. அறுகை எண்ணெயில் தோய்த்து அவருடைய உச்சியில் வைத்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டார். இந்தமுறை திறக்கவில்லை. களைப்பாக்கும்.

"வழமையாப் பெண்சாதிமாரைக் கொண்டோ அண்ணை தொடக்குறனீங்கள்?"

இராயப்பு அவளைப் பார்க்கவில்லை. "நான் வேதக்காரன், தங்கச்சி. உங்கட சடங்கு எனக்கு வடிவாத் தெரியாது. பரிமளக்கா சொன்னபடி செய்யிறன்."

சடங்கு என்றுதான் சொன்னார். நிலாந்தினி அதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே நின்றாள். வாளி வாளியாகத் தண்ணீர் அவருடைய தலையில் இறங்கியது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் எந்த மனிதனும் ஒருதரம் மூச்சை இழுப்பான், தோளைக் குறுக்குவான். வசீகரன் ஒன்றும் செய்யவில்லை. குளித்து முடித்ததும் இராயப்பு அவருக்குப் புது வெள்ளை வேட்டி உடுத்திவிட்டு, எதையோ முடித்தவர்போலச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பேய்க்கதை கேட்கிறவர்கள் இனி இரவைத்தான் எதிர்பார்ப்பார்கள். அன்றிரவு ஒன்றும் நடக்கவில்லை. நாய் ஊளையிடவில்லை, கதவு தட்டப்படவில்லை. கட்டிலில் வசீகரன் நேராக மல்லாந்து படுத்து விடியும்வரை அசையாமல் தூங்கினார். குறட்டைகூட இல்லை. இருபத்தைந்து வருசம் அந்தக் குறட்டையைத் திட்டித் திட்டியே படுத்தவள், அன்றைக்கு அது இல்லாமல் நித்திரை வராமல் கிடந்தாள்.

ஞாயிறு காலை, வெயில் ஏறியபிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. வீட்டின் பின்பக்கத்தில் யாரோ உரலில் இடிக்கிறார்கள். டொக். பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம். டொக். மிளகாய்த்தூள் இடிக்கிற வேகம் இல்லை அது, அரிசி இடிக்கிற வேகமும் இல்லை; அவசரமே இல்லாத ஒரு கை, மஞ்சள் வாசனையைக் கிளப்பிக்கொண்டு, முற்றம் தாண்டி, விறாந்தை தாண்டி, அவளுடைய காதுக்குள் வந்து இடித்தது. எங்கேயோ கேட்ட சத்தம். எங்கே என்று பிடிபடவில்லை.

வசீகரன் கதிரையில் இருந்தார். சித்திரை வெயில், மின்விசிறி சுடுகாற்றைத்தான் அள்ளி வீசியது. நிலாந்தினியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருடைய நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை.

"சுகமா இருக்கிறியளோ?"

"பசிக்குது."

"குளிசை போட்டனீங்களோ?"

"பசிக்குது" என்றார் மறுபடியும், அதே குரலில், அதே அளவில்.

அவள் பையிலிருந்து பிரஷர் பார்க்கிற மெசினை எடுத்து அவருடைய கையில் பட்டியைச் சுற்றினாள். மெசின் ஊதியது, இறங்கியது, பிழை என்று காட்டியது. திரும்பவும் சுற்றினாள். பிழை. பற்றரியைக் கழற்றித் திரும்பப் போட்டாள். பிழை. தன்னுடைய கையில் கட்டிப் பார்த்தாள்: நூற்றைம்பத்தாறு, தொண்ணூற்றெட்டு. மெசினில் குற்றம் இல்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி தேடினாள். எண்ணெய்ப் பிசுக்கில் விரல் வழுக்கியது. தேடிக்கொண்டே இருந்தாள். ஒரு துடிப்பு வந்ததுபோல இருந்தது. அது தன் விரலின் துடிப்பா என்று சந்தேகம் வந்தது. கையை விட்டுவிட்டாள். தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

"வீட்டை போவம், என்ன?" என்றாள்.

"சாப்பிட்டுப்போட்டு" என்றார் வசீகரன். அன்றைக்கு முதல்தடவையாக அவருடைய முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. அந்த ஆசையைப் பார்த்து எட்டு மாதமாகிவிட்டதால் அவளால் மறுக்க முடியவில்லை. அவருக்கு மத்தியானச் சாப்பாடு வரவில்லை. பின்னேரம் படைக்கும் மட்டும் வயிறு காய வேணும் என்று பரிமளம் சொல்லி அனுப்பினாள்.

நான்கு மணிபோல உரல் நின்றது. குசினி மணக்கத் தொடங்கியது. முதலில் தாளித்த வெங்காயம், பிறகு பெருஞ்சீரகம் வறுபடுகிற மணம், கணவாய் தன் தண்ணீரில் வெந்து பிறகு எண்ணெயில் பிரளுகிற, மூக்கைப் பிடித்து இழுக்கிற மணம், நண்டும் முருங்கையிலையும், பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவின் கசப்பு. வீடு முழுக்க அது பரவி, சுவரிலும் சேலையிலும் ஏறி, நிலாந்தினியின் வாயிலும் எச்சில் ஊறவைத்தது. பயந்துகொண்டிருக்கிற மனிசிக்கு எச்சில் ஊறுவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சமையலில் உப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு அவள் குசினிக்குப் போனாள்.

பரிமளம் சட்டிகளிலிருந்து கிண்ணங்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் சொன்ன எல்லாம் இருந்தன. சொன்ன ஒழுங்கிலேயே இருந்தன. கடைசிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வேறு மூன்று சாமான்கள். ஒரு சிகரட். கால் போத்தல் சாராயம். சீனியில் தோய்த்து வைத்த பாதி வாழைப்பழம்.

சிகரட்டும் சாராயமும் ஊகிக்கக் கூடியவை. வாழைப்பழம் அப்படியல்ல. வீட்டில் எல்லோரும் படுத்தபிறகு, விளக்குப் போடாமல், குசினியில் தனியே நின்று அவர் அதைச் சாப்பிடுவார். அது நிலாந்தினிக்கு மட்டும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை.

"இது ஆர் அக்கா சொன்னது?"

"அவர்தான். நேற்றுக் கிணத்தடியில."

கிணற்றடியில் வசீகரன் வாய் திறக்கவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"எத்தினை பேருக்கு இவ்வளவும்?"

"ஒராளுக்கு."

"அப்ப எனக்கு?"

"நீங்கள் பேந்து சாப்பிடலாம். படைச்சு, கதவைச் சாத்தி விடுவம். அவர் சாப்பிட்டு முடிஞ்சபிறகு திறக்கிறதுதானே."

நிலாந்தினி அகப்பை வைக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டாள். தகப்பன் செத்த எட்டாம் நாள், அவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் இலையில் படைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்கள். வெளியே விறாந்தையில் எல்லோரும் பேசாமல் காத்திருந்தார்கள். உள்ளே அவர் வந்து சாப்பிடுவார் என்று பெரியம்மா காதுக்குள் சொன்னாள். இடிக்கிற சத்தத்தை எங்கே கேட்டது என்பதும் இப்போது பிடிபட்டது. செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கிற சத்தம். முகட்டில் கட்டிய வெள்ளை. உச்சியில் வைத்த எண்ணெயும் அரப்பும். கலியாணத்துக்கு மட்டுமா அறுகு வைக்கிறார்கள். வாசலில் யாரும் "வாங்கோ" சொல்லாத வீடு எந்த வீடு என்று யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கும் தெரியும்.

"இது எட்டுக்கெல்லோ செய்யிறது."

"ஓம், எட்டுத்தான்." பரிமளம் கிண்ணத்தின் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "எட்டு நாள் நிண்டு செய்ய இப்ப ஆருக்குப் பிள்ளை லீவு கிடைக்குது? அதாலதான் சனி ஞாயிறுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுக் குடுக்கிறம்."

"அவர் உயிரோட இருக்கிறார்."

பரிமளத்தின் முகத்தில் கோபமோ சிரிப்போ வரவில்லை. இரக்கம் வந்தது. அதுதான் நிலாந்தினிக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

"எல்லாரும் முதல் அப்பிடித்தான் சொல்லுறவை. ரெலிபோனில நீங்கள்தானே சொன்னனீங்கள். விரும்பிச் சாப்பிடுறவர், பாடுறவர், சிரிக்கிறவர் எண்டு. இருக்கிற மனுசனைப் பற்றி ஆரும் அப்பிடி அழுதழுது சொல்லுவினமோ?"

சாப்பிடுறவர். இன்றைக்கும் சாப்பிடுகிற மனிதனுக்கும் நம் ஊரில் அதுதான் சொல். முந்தி ஒருகாலத்தில் சாப்பிட்ட மனிதனுக்கும் அதுதான் சொல். எது என்பதைக் குரல்தான் காட்டும். நிலாந்தினி தன்னுடைய குரலை நினைத்துப் பார்த்தாள். பரிமளம் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. அன்றைக்குக் குசினி நிலத்தில் இருந்து அவள் அழுதது, முன் அறையில் கஞ்சிக் கோப்பையோடு இருந்த மனிதனுக்காக அல்ல; போய்விட்ட ஒருவருக்காக. அவள்தான் அவரைச் சாகடித்துச் சொன்னாள்.

"நான் மாத்திச் சொல்லுறன் அக்கா. வேண்டாம். எல்லாத்தையும் விடுங்கோ."

"இலை போட்டாச்சே" என்றாள் பரிமளம். "அவர் போய் இருந்திட்டார்."

நிலாந்தினி ஓடினாள். விறாந்தை. தூண்கள். மண்டபக் கதவு சாத்தியிருந்தது. முன்னால் ஒரு செம்புத் தண்ணீர். காலால் தட்டுப்பட்டுச் செம்பு உருண்டது. கதவைத் தள்ளினாள். பாரமான கதவு. தோளால் தள்ளினாள்.

உள்ளே ஒரு குத்துவிளக்கு. முகட்டு வெள்ளை தணிந்து தணிந்து, அவருடைய தலைக்குச் சற்று மேலே நின்றது. வசீகரன் நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்தார். நெஞ்சு நோகும் என்று எட்டு மாதமாக நிலத்தில் இருக்காத மனிதன். முன்னால் தலைவாழை இலை. வெறும் சோறு மட்டும் போட்டிருந்தது. அவருடைய கை சோற்றுக்கு மேலே, தொடாமல் நின்றது.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. போவம்."

"சாப்பிட விடும்."

"வீட்டை போய்ச் சாப்பிடலாம். கேட்கிறதெல்லாம் தாறன்."

"அங்க நீர் தரமாட்டீர்."

உண்மைதான். அவள் குனிந்து அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினாள். தூக்க முடியாது என்று நினைத்துத்தான் தூக்கினாள். அவர் பாரமே இல்லாமல் வந்தார்.

காரில் ஏற்றி, சீட் பெல்ற்றைத் தானே மாட்டினாள். யாரும் மறிக்கவில்லை. இராயப்பைக் காணவில்லை. பரிமளம் மட்டும் படியிலிருந்து இறங்கிவந்து கார் யன்னலில் குனிந்தாள்.

"பரவாயில்லைப் பிள்ளை, பயப்பிடாதேங்கோ. வீட்டில சாப்பிடாட்டிச் சந்தியில வைக்கிறதுதான். இராயப்பு சைக்கிளில கொண்டு போயிட்டான்."

நிலாந்தினி கண்ணாடியை ஏற்றினாள். வளவு பின்னால் போனது. பொழுது கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் சாம்பல் நிறமாகி, இருபக்கமும் பனைகள் கறுத்துக்கொண்டு வந்தன. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிசம். பண்ணைப் பாலம் தாண்டினால் போதும். அவர் சாப்பிடவில்லை, ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை. அவள் தடுத்துவிட்டாள். அதைத் திருப்பித் திருப்பித் தனக்குச் சொன்னாள்.

"நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறம். டொக்டர் பாத்தால் சரி. நாளையில இருந்து நான் உங்களை ஒண்டும் சொல்லமாட்டன். இப்பிடியே இருங்கோ. சிரிக்காட்டிலும் பரவாயில்லை. நீங்கள் இருந்தாலே போதும்."



வேலணைப் பக்கம் திரும்புகிற சந்தி வந்தது. தெருவின் நடுவில் ஒரு சின்னச் சுடர். காற்றில் ஆடியது, அணையவில்லை. நிலாந்தினி பிரேக்கை மிதித்தாள். சுற்றிப்போக இடமில்லை, ஒருபக்கம் மதில், ஒருபக்கம் பள்ளமான தரவை வெளி.

இலை விரித்திருந்தது. எல்லாம் வைத்திருந்தது. இலைக்கு முன்னால் ஒருவர் குந்தியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதுகு காருக்கு. வெள்ளை வேட்டி. தலையிலிருந்து எண்ணெய் முதுகில் வழிந்தது. தோள் அகலம். கை இலைக்கும் வாய்க்குமாகப் போய் வந்தது. பெரிய பெரிய கவளம்.

அந்தத் தோளை அவளுக்குத் தெரியும்.

காரின் வெளிச்சத்தில் அவர் திரும்பினார். நிறைந்த கன்னம். மினுங்கும் உதடு. புறங்கையால் வாயைத் துடைத்தார். அவளைக் கண்டார். சிரித்தார். பகிடி விடுவதற்கு முன்னால் வருகிற சிரிப்பு. எட்டு மாதமாக வராத சிரிப்பு.

"பாக்காதேங்கோ" என்றாள் நிலாந்தினி, பக்கத்தில் இருந்தவரிடம். "கண்ணை மூடுங்கோ."

பக்கத்திலிருந்து ஒரு சத்தம். மணல் சிந்துவதுபோல.

திரும்பினாள். அவருடைய கண்கள் மூடித்தான் இருந்தன. வாய் பாதி திறந்திருந்தது. வாய்நிறைய அரிசி. பச்சை அரிசி. வாய்க்கரிசி. பருக்கை பருக்கையாக உதட்டிலிருந்து வழிந்து பெல்ற்றில் பட்டு மடியில் விழுந்தது. யார் போட்டது. எப்போது போட்டது. பெண்சாதிதான் போட வேணும். அவள் போடவில்லை. போட்டாளா.

வெளியே அவர் இலையை மடித்தார். எழும்பினார். கை கழுவ ஓர் இடத்தைத் தேடுகிறவர்போல இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டு காரை நோக்கி வந்தார். முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பழைய பாட்டு.

பின்கதவுக் கண்ணாடியில் ஒரு கை பதிந்தது. எண்ணெய்க் கை.

"இஞ்சேரும். கதவைத் திறவும். வீட்டை போவம்."

அந்தக் குரல். நிலாந்தினிக்குப் பயம் அப்படியேதான் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஆசை வந்தது. காரைப் பின்னால் எடுக்க வேண்டும் என்று தெரியும். திறக்கக் கூடாது என்று தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவளுடைய விரல் பூட்டைத் திறக்கிற பொத்தானை அமத்தியது.

கார் ஒருபக்கம் தாழ்ந்தது. பாரம். கணவாய்ப் பிரட்டலின் மணம். கழுத்துக்குப் பின்னால் சூடான மூச்சு. உயிருள்ள மூச்சு. கண்ணாடியில் அவருடைய முகம் தெரிந்தது, அழகான முகம், அவளையே பார்த்துச் சிரித்தது. ஒரு கை முன்னால் நீண்டு, பக்கத்து ஆசனத்தில் இருந்தவரின் உதட்டில் தொங்கிய பருக்கையை எடுத்து, வாய்க்குள்ளேயே தள்ளிவிட்டது.

"உவரை இஞ்ச இறக்கிப்போட்டுப் போவம்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. சாய்ந்து, அவருக்குக் குறுக்காகக் கையை நீட்டி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். உப்புக்காற்று உள்ளே வந்தது. பிறகு பெல்ற்றின் கொளுக்கியை அமத்தினாள். பெல்ற் வழுக்கிச் சுருண்டது. அவர் கதவுப் பக்கமாகச் சரிந்தார். தோளில் கையை வைத்துத் தள்ளினாள்.

அப்போது ஒரு கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. பலமில்லாத, மெலிந்த பிடி. அரிசி நிறைந்த வாய் அசைந்தது, சொல் வரவில்லை. மூடிய கண்களிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவருடைய விரல்களில் நாடி அடித்துக்கொண்டிருந்தது. சின்னதாக. விட்டுவிட்டு. அவருடையதுதான்.

பின்னால் பாட்டு நிற்கவில்லை.

அவளுடைய மற்றக் கை இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது.